வலிக்கலையா? அப்போ உக்காரு பேராண்டி

இன்னாடா பேராண்டி, கையில ஃபைலு, மூஞ்சி நிறையப் பல்லு! மாஸ்டர் செக்கப் பண்ணிக்கினு வந்துட்டியாமே. பதினாலு பக்கம் ரிப்போர்ட்டுன்னு உங்கம்மா தெருவுக்கே கேக்கறாப்போல சொல்லிக்கினு போனா. எங்க காலத்துல ஒருத்தனைப் பத்திப் பதினாலு பக்கம் எழுதணும்னா அவன் மேல கோர்ட்டுல கேஸ் நடக்கணும். உனக்கு ஒரு தப்பும் பண்ணாமலே எழுதிக் குடுத்துட்டாங்க.

உக்காரு. அந்த வாட்சைக் கழட்டி வை, அது மினுக்கிக்கினே இருந்தா எனக்குப் பேச்சு வராது. இன்னா, எத்தினி அடி நடந்தேன்னு அது சொல்லுதா? ஷூ கம்பெனியில சூப்பர்வைசரு. நாள் பூரா ஜெர்மனிக்காரன் காலுக்கு அளவு சரியா இருக்குதான்னு பார்க்கறான். தன் கால் இன்னா பண்ணிச்சுன்னு தெரிஞ்சிக்கணும்னா மட்டும் கையைப் பார்க்கறான். காலையே கேட்டா அது சொல்லாதா? சொல்லுதா இல்லையான்றதுதான் இப்போ நம்ம பஞ்சாயத்து.

சுகர்னு எழுதியிருக்காங்க. டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு. நீ நாலு நாள் முழுங்கிட்டு, "எங்க தாத்தா வலிக்குது? ஒண்ணியும் வலிக்கல, அப்பால இன்னாத்துக்கு மாத்திரை?"ன்னு டப்பாவைப் பீரோ மேல ஏத்திட்டியாம். அருமையான யோசனை. இதே யோசனையை உனக்கு முன்னாடி நம்ம தெருவுலயே ரெண்டு மூணு பேர் பண்ணினாங்க. இப்போ அவங்க எந்த யோசனையும் பண்றதில்ல.

சரி, உன் பக்கத்துலயும் கொஞ்சம் நியாயம் இருக்குது, இல்லன்னு சொல்ல மாட்டேன். வெறும் வயித்துல 126 வந்தா சுகர்ன்றாங்க. 1997க்கு முன்னாடி அந்தக் கோடு 140. அந்த வருசம் அமெரிக்காவுல கமிட்டி உக்கார்ந்து 126க்கு இறக்கிச்சு. 130 வெச்சிக்கினு ராத்திரி நிம்மதியாத் தூங்கினவன் காலையில எழுந்தா சுகர்க்காரன். கொசு கடிக்கல, கிருமி ஏறல, ஒரு லட்டு கூடத் தின்னல. பி.பி. கதை இதைவிட ஜோர். 2017ல அமெரிக்காக்காரன் 130ன்னு கோட்டை இறக்கிக்கினான். நம்மூர் அரசாங்க ஆஸ்பத்திரியில இன்னிக்கும் 140 தான். 135 வெச்சிருக்கறவன் மீனம்பாக்கத்துல பிளேன் ஏறும்போது ஆரோக்கியசாமி, நியூயார்க்குல இறங்கும்போது நோயாளி. டிக்கெட்டுல அதையும் சேர்த்துத்தான் காசு வாங்கறான் போல.

சிரிச்சது போதும், வாயை மூடு. சுகருக்குக் கோடு போட்டவன் குருட்டாம்போக்குல போடல. அந்த அளவுக்கு மேல போறவங்களுக்குத்தான் கண்ணுக்குள்ள இருக்கற பொடி ரத்தக்குழாய் கெட ஆரம்பிக்குதுன்னு, ஏகப்பட்ட பேர் கண்ணைத் திறந்து பார்த்துட்டு வெச்ச கணக்கு. அந்தக் குழாய் கெடும்போது உனக்கு வலிக்குமான்னு கேளு. வலிக்காது. அதான் விசயம்.

நோயின்னா வலி, வலி இல்லன்னா சுகம்னு நீ ஒரு கணக்கு வெச்சிருக்கற பாரு, அந்தக் கணக்கைத் தப்புன்னு உலகத்துக்கே காட்டினது நம்ம ஜில்லாதான்டா. மூணு ஜில்லாவா வெட்டிட்டாங்க, இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். காட்பாடி தாண்டி கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி கீதே, 1955ல இருந்து நடக்குது. அதோட கதையைக் கேளு.

பால் பிராண்டுன்னு ஒரு டாக்டரு. வெள்ளைக்காரரு, ஆனா 1914ல பொறந்தது கொல்லிமலையில. லண்டன்ல படிச்சிட்டு 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தாரு. ஒருநாள் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைச் சுத்திப் பார்க்கப் போறாரு. அங்க ஒரு நோயாளிக்கு விரல் எல்லாம் உள்ளார மடங்கிப் போயிருக்குது. "என் கையை அழுத்து, பார்க்கலாம்"னு கையைக் குடுத்தாரு. அந்த ஆளு அழுத்தின அழுத்துல டாக்டருக்கு உயிர் போச்சு! அழுகிப் போன கையின்னு உலகமே சொல்லுது, இரும்புப் பிடி பிடிக்குதே, எப்படி? அங்க ஆரம்பிச்சது ஆராய்ச்சி.

அப்போ வரைக்கும் எல்லாரும் இன்னா நெனைச்சாங்க? அந்த நோய் வந்தா சதை அழுகும், விரல் தானா விழும்னு. இவரு பார்த்தா சதை நல்லாத்தான் இருக்குது. ஆறுது, ஒட்டுது. ஒருநாள் ஏதோ ஒரு ரூமு, துரு ஏறின பூட்டு, இவருக்குச் சாவி திரும்பல. ஒல்லிப் பையன் ஒருத்தன், பத்து வயசு இருக்கும், தொழுநோய் வந்த பையன், "குடுங்க"ன்னு வாங்கி ஒரே திருப்பு. தொறந்துக்கிச்சு. கீழ பார்த்தா ரத்தச் சொட்டு. பையன் விரலைப் புடிச்சுப் பார்த்தா சாவி எலும்பு வரைக்கும் அறுத்துட்டிருக்குது. பையனுக்குச் சேதியே தெரியல, நின்னு சிரிக்கிறான். நீயும் நானும்னா சாவி சதையில இறங்க ஆரம்பிக்கறப்பவே "அய்யோ"ன்னு விட்டிருப்போம். அவன் விடல, ஏன்னா விடுன்னு சொல்ல உள்ளார ஆள் இல்ல. கிருமி நரம்பைத் தின்னுச்சு, அவ்ளோதான். விரலைத் தின்னது அடுப்பு, ஆணி, பூட்டு, செருப்பு வாரு.

எலி கூட. நெசமாத்தான். ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில கொஞ்சம் குறைஞ்சிருக்குது. இன்னாடா இதுன்னு முழிச்சிக்கினு உக்கார்ந்து பார்த்தா எலி வந்து நிதானமாக் கடிச்சிக்கினு கீது, தூங்கறவன் புரண்டு கூடப் படுக்கல. அப்பால வைத்தியம் முடிஞ்சு வீட்டுக்குப் போற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பூனையைக் குடுத்து அனுப்பினாங்க. மருந்துச் சீட்டுல பூனை எழுதின டாக்டரு உலகத்துலயே இவரு ஒருத்தராத்தான் இருப்பாரு. உன் ஃபைல்ல பதினாலு பக்கம் கீதே, எங்கயாச்சும் பூனை கீதா பாரு.

இதைவிட ஒண்ணு சொல்றேன். ஒரு தடவை அவரு இங்கிலாந்துக்குப் போயிருந்தப்போ ரயில்ல வந்து இறங்கி, ராத்திரி சாக்ஸைக் கழட்டினாரு. ஒரு குதிகால்ல உணர்ச்சி இல்ல. ஊசியை எடுத்துக் குத்தினாரு, தெரியல. முடிஞ்சுது, நமக்கும் வந்துருச்சுன்னு ராப்பூரா தூங்கல. பொண்டாட்டி பிள்ளைங்க கதி இன்னாவோன்னு கவலை. விடிஞ்சதும் மறுபடி ஊசியை எடுத்து நறுக்குன்னு குத்தினாரு. "ஆ!"ன்னு ஒரு கத்து. வலிக்குது! மனுசனுக்குக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட சந்தோசம். ரயில்ல ஒரே பக்கமா உக்கார்ந்து நரம்பு மரத்திருக்குது, அம்புட்டுதான். வலி வந்ததுக்காகச் சாமிக்கு நன்றி சொன்ன மனுசன். நீ வலி வரலன்னு மாத்திரையைப் பீரோ மேல வெச்சவன். ரெண்டு பேர்ல யாரு பெரிய படிப்பு படிச்சவன்னு எனக்கே இப்போ சந்தேகமா கீது.

வலின்றது மாமியாருடா. வாய் ஓயாம தொணதொணக்கும், எப்போ போவும்னு இருக்கும். ஒரு மாசம் ஊருக்குப் போனா அடுப்புல பால் பொங்கி ஊத்தும், பின்கதவு தொறந்தே கிடக்கும். உங்க ஆயா காதுல விழுந்துடப் போவுது, மெதுவா சிரி.

அப்பால பிராண்டு 1966 வாக்குல அமெரிக்காவுக்குப் போயிட்டாரு. அங்க லூசியானாவுல கார்வில்னு ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரி. வலி போனவங்களுக்கு வலியைச் செஞ்சு குடுப்போம்னு கெளம்பினாரு. கையுறைக்குள்ள மிஷின் வெச்சு, ஜாஸ்தி அழுத்தினா காதுல சத்தம் வரும். அவங்க சத்தத்தைக் கேட்டுக்கினே வேலையைப் பார்த்தாங்க. லைட்டு எரிய வெச்சாரு, யாரும் திரும்பிக் கூடப் பார்க்கல. கடைசியா கரண்ட் ஷாக்கே வெச்சாரு. அது சுரீர்னு வலிச்சுது. அவங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? வேலை இருக்கும்போது சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, வேலையை முடிச்சிட்டு மறுபடி ஆன் பண்ணிக்கினாங்க. அவ்ளோதான், அந்த ஆராய்ச்சிக்கு மங்களம் பாடியாச்சு. சுவிட்ச் நம்ம கையில இருந்தா நாம இன்னா பண்ணுவோம்னு அமெரிக்கா போய்க் கண்டுபிடிக்கணுமா? தோல் ஷாப்புல கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற மோட்டரு எப்போ ஓடும், எப்போ நிக்கும்னு பாலாத்தங்கரைக்காரனைக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பான்.

நம்ம தொழில் சம்பந்தமா ஒண்ணு. கால்ல வலி இல்லாதவன் ஆணி அடிச்ச செருப்பு போட்டா, ஆணி உள்ள போனது சாயங்காலம் செருப்புல ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும். அதனால ஆணி இல்லாம, மெத்துன்னு, பாரத்தைப் பாதம் பூரா பரத்தி விடற செருப்பைத் தேடினாங்க. எம்.சி.ஆர்.னு ஒரு ரப்பரு, உள்ள பொடிப்பொடியா காத்து அறை. அதுல செஞ்ச செருப்பு கரிகிரிப் பக்கம் ரொம்பப் பிரசித்தம். அந்தக் காலத்துல அந்தச் செருப்பைக் கால்ல பார்த்தாலே பஸ்ல பக்கத்து சீட்டு காலியாயிடும், புண்ணு வந்தாலும் வரட்டும்னு கழட்டி எறிஞ்சவங்களை நான் பார்த்திருக்கேன். இன்னிக்கு? சுகர் வந்தவங்க அதே எம்.சி.ஆர். செருப்பைக் காசு குடுத்து, அளவு குடுத்து, ரெண்டு ஜோடியா வாங்கறாங்க. சுகரும் அதே வேலையைத்தான் பண்ணுது: கால் நரம்பை மரக்க வைக்குது. சிலருக்கு நெஞ்சு வலியையே மறைச்சுடும். மாரடைப்பு வந்து போனது இ.சி.ஜி. எடுத்தப்புறம் தெரியும். உலகத்துக்கே செருப்பு செய்ற ஊருல இருந்துக்கினு உன் கால்ல இன்னா போட்டிருக்கற? முன்னாடி கூரா, பின்னாடி இறுக்கமா... அது செருப்பா, கிடுக்கியா?

"கிருமி வந்தாத்தானே தாத்தா நோயி"ன்னு அடுத்தாப்புல கேப்ப. கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். தொழுநோய்க் கிருமியை நார்வேக்காரர் ஹான்சன் 1873லயே கண்டுபிடிச்சுட்டாரு. ஆனா நூறு பேருல தொண்ணூத்தஞ்சு பேருக்கு அந்தக் கிருமி வந்து தங்கினாலும் ஒண்ணும் பண்ண முடியாது, உடம்பே அடிச்சுத் துரத்திடும். டி.பி.யும் அதே கதை. உலக ஜனத்துல சுமார் நாலுல ஒருத்தர் உடம்புல அது ஏறியிருக்குது. அவங்கள்ல நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து பேருக்குத்தான் ஆயுசுக்குள்ள நோயா வெளிய வரும். மிச்சம் பேரு இருமாம, செருமாம பேரன் பேத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்போ நோய்ன்றது கிருமி மட்டும் இல்ல. உள்ள இருக்கற காவல் எப்படி, திங்கறது இன்னா, ஒரு ரூம்ல எத்தினி பேர் படுக்கறான், எல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பு எழுதும். உனக்குன்னு ஒரு சேதி தனியா வெச்சிருக்கேன்: சுகர் இருக்கறவனுக்கு டி.பி. வர்ற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு. இன்னா, இப்போ பல்லைக் காணோம்?

உலக சுகாதார நிறுவனம்னு ஒண்ணு கீது. 1948ல அவங்க சாசனம் அமலுக்கு வந்துச்சு. நோய் இல்லாம இருந்தா மட்டும் ஆரோக்கியம் ஆவாது, உடம்பு, மனசு, நாலு பேரோட வாழ்ற வாழ்க்கை மூணும் பூரணமா இருக்கணும்னு அதுல எழுதி வெச்சாங்க. பூரணமா! வீட்டுக்கடன் கட்டினவன், மச்சினனோட பேசறவன், பொண்ணுக்கு வரன் அமைஞ்சவன், மூணும் ஒரே ஆளா நம்ம வார்டுல தேடினா கிடைக்க மாட்டான். அந்தக் கணக்குல மேரி வர்கீஸ் அம்மா இன்னா ஆவாங்கன்னு நான் யோசிக்கறதுண்டு. சி.எம்.சி. டாக்டரு. 1954ல வண்டி கவுந்து முதுகெலும்பு போச்சு, இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. சக்கர நாற்காலியில உக்கார்ந்துக்கினே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. நடக்க முடியாதவங்க மடங்கின கையை நிமித்தி விட்டாங்க. 1966ல சி.எம்.சி.யில மறுவாழ்வு மையம் தொறந்தப்போ அதுக்குத் தலைமையே அவங்கதான். நீ ரெண்டு காலும் நல்லா வெச்சிக்கினு மாடி ஏற லிஃப்ட்டு தேடறவன். யாரை நோயாளி ரிஜிஸ்டர்ல எழுதறதுன்னு நீயே சொல்லு.

இப்போ தோல் ஷாப்புக்கு வா. என் வயசுல பாதி அங்கதான் கரைஞ்சுது. சுண்ணாம்புக் குழியில இறங்கினா கை காலெல்லாம் வெந்து எரியும், கத்துவோம், மேஸ்திரியைத் திட்டுவோம், கழுவிட்டு எண்ணெய் தடவுவோம். அது கத்த வைக்கற சாமான், அதனால ஒழுங்கா இருந்தோம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட காலத்துல கை கறுக்கும், அதோட சரி. அப்பால குரோமியம் வந்துச்சு. மாசக்கணக்கு வேலையை நாள்கணக்குல முடிச்சுது. டிரம்முல இருந்து தோலு நீலமா வந்து விழறதைப் பார்த்தா அழகாத்தான் இருக்கும்.

அதுல ரெண்டு தினுசு. தோலோட டிரம்முல சுத்தறது மூணாம் நம்பரு, கொஞ்சம் சாது. சிலபேர் கைக்கு மட்டும் அரிப்பு, வெடிப்பு குடுக்கும். அதைத் தயார் பண்ற ஆலைங்கள்ல இருக்குதே பைக்ரோமேட்டு, அது ஆறாம் நம்பரு. பொல்லாதது. விரல் மூட்டுல சின்னக் கீறல் இருந்தாப் போதும், உள்ள இறங்கி வட்டமா, விளிம்பு தடிச்சு, துளை போட்டாப்போல ஒரு புண்ணு பண்ணும். அந்தப் புண்ணு ரொம்ப வலிக்காது. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ ஊர்ல 1827லயே டாக்டர் ஒருத்தர் இதைப் பார்த்து எழுதி வெச்சாச்சு. புகையையும் தூளையும் மூச்சுல இழுத்தவனுக்கு மூக்கு நடுத்தண்டுல ஓட்டை விழும். அதுவும் வலிக்காது. மூக்குத்தி போடற காசு மிச்சம்னு சிரிக்கறவன் சிரிப்பான். இருபது முப்பது வருசம் கழிச்சு நுரையீரல்ல புத்துநோயா வரும்போதுதான் சிரிப்பு நிக்கும்.

வேலூருக்கே கால் மரத்துப்போன சமாச்சாரம் ஒண்ணு கீது, அது உனக்குத் தெரியணும். கெணத்துத் தண்ணி ஒரே நாள்ல உப்பாவல. தோலுல தடவின உப்பு வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா பாலாத்துப் படுகையில இறங்கிச்சு. முதல்ல பருப்பு வேகல. அடுப்பைத் திட்டினாங்க. அப்பால டீ திரிஞ்சுது. பால்காரனைத் திட்டினாங்க. அப்பால தென்னை காய்ப்பை நிறுத்திச்சு. சாமியைத் திட்டினாங்க. தண்ணியைத் திட்ட மட்டும் யாருக்கும் வாய் வரல, ஏன்னா சனிக்கிழமை கூலி சரியா வந்துக்கினு இருந்துச்சு. கூலி நல்ல வலி மாத்திரைடா. நானும் வாங்கித் தின்னவன்தான், உங்கப்பனைப் படிக்க வெச்சதும் அந்தக் காசுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம்னு கொஞ்சம் பேர் 1991ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. 1996 ஆகஸ்ட் 28ல நீதிபதி குல்தீப் சிங் பெஞ்சு தீர்ப்பு சொல்லிச்சு. தோல் ஷாப்புங்க இருக்கற இந்தப் பக்கத்துல சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ கெட்டுப் போச்சுன்னு அதுல எழுதியிருக்குது. கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு சொன்னாங்க. தோல் ஷாப்பு ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய சேதி ஒண்ணு: கெடுதல் வரும்ன்றதுக்கு முழு அத்தாட்சி கிடைக்கற வரைக்கும் காத்துக்கினு உக்காரக்கூடாது, முன்னாடியே தடுக்கணும்னு சொன்னாங்க. இன்னிக்கு வக்கீலுக்குப் படிக்கற பசங்க நம்ம ஊர் பேரைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தைப் படிக்கறாங்க. 2025 ஜனவரியில அதே கோர்ட்டு மறுபடியும் இதே ஊர் கேஸுல தீர்ப்பு எழுதிச்சு. முதல் தீர்ப்புலயே குணமாயிருந்தா ரெண்டாவது சீட்டு இன்னாத்துக்குன்னு உன் டாக்டரு கேப்பாரு.

அவ்ளோ பெரிய கோர்ட்டு, முழு அத்தாட்சிக்குக் காத்திருக்காதேன்னுது. நீ இன்னா பண்ற? காலு அழுகி, அத்தாட்சி கையில வரட்டும், அப்பால மாத்திரையைப் பத்திப் பேசலாம்னு உக்கார்ந்துகினு கீற.

நாளைக்கு லீவு போடு. காலையில என்னோட வா, சுகர் கால் பார்க்கற இடத்துக்குப் போவலாம். பயப்படாதே, ஊசி இல்ல. நைலான் இழை ஒண்ணு வெச்சிருப்பாங்க, அது வளையற அளவுக்குப் பாதத்துல அழுத்தினா பத்து கிராம் கனம். உன்னைக் கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு கட்டைவிரல்ல, அடிப்பாதத்துல, அங்கங்க தொடுவாங்க, தெரியுதான்னு கேப்பாங்க. பொய் சொல்லாதே, நான் பக்கத்துலயே நிப்பேன். எல்லா இடத்துலயும் தெரிஞ்சுதுன்னா வரும்போது ஆம்பூர் பஜார்ல உனக்கு அரை பிளேட் மட்டன் பிரியாணி, என் செலவு. தெரியலன்னா பிரியாணி எனக்கு, பக்கத்துல வைக்கற கத்தரிக்காய்ப் பச்சடி உனக்கு. எப்படிப் பார்த்தாலும் நான் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்.

போ, பீரோ மேல இருந்து டப்பாவை இறக்கு. வெறுங்கால்ல ஸ்டூல் மேல ஏறாதே, அதுல ஒரு ஆணி நீட்டிக்கினு கீது, உங்க ஆயா காலுல குத்தி நேத்தெல்லாம் கத்திக்கினு இருந்தா. அவளுக்கு நரம்பு நல்லா கீது.